கொட்டாமல் வைத்த குப்பை

வீடு வீடாகப் போய் வேக்குவம் கிளீனரைக் காட்டும் வேலையில், மெஷினைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும். அடுத்தவர் வீட்டு அழுக்கைப் பார்த்து முகம் மாறாமல் நிற்கப் பழகத்தான் ஆயுள் பத்தாது. முன்பின் தெரியாத வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையை மறைத்தபடி சிரித்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்களும் நம் கட்சிதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

ஒரே ஒரு போன்

காப்பாரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் பேக்கிங் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் கேட்டில் பூட்டு போட்டுவிட்டார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு. கணவர் கட்டட வேலையில் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் என் வயதைப் பார்த்தார்களே தவிர என்னைப் பார்க்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் மின்சாமான் கடை வைத்திருக்கும் மிஸ்டர் டான் ஒருவர்தான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

மிஸ்டர் டான் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த சீனர். நம்மை விட நன்றாகத் தமிழில் திட்டுவார். வயர் இல்லாத வேக்குவம் ஒன்றை என் கையில் கொடுத்து, வாடிக்கையாளரிடம் ஒப்பிக்க வேண்டிய வசனங்களையும் ஒரு தாளில் கொடுத்தார். வயர் தடுக்காது, பிளக் தேட வேண்டாம், குனிய வேண்டாம், இழுத்த தூசி எல்லாம் கண்ணாடி மாதிரியான இந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கும், நீங்கள் திறக்கும்வரை வீட்டை விட்டு ஒரு துளி வெளியே போகாது. கடைசி வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுவே பின்னால் என் கழுத்தில் வந்து உட்காரப் போகிறது என்று அப்போது தெரியாது. கிளம்பும்போது மிஸ்டர் டான் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மூணு மாசம் பாப்பேன் கலா. விக்கிறது விக்காதது உன் ராசி. ஆனா கஸ்டமர் ஒரு ஆள் போன் போட்டுக் குறை சொன்னா, வேலை நிரந்தரம்னு லெட்டர் கிடையாது. ஒரு போன், ஹபிஸ் லா, அதோட முடிஞ்சுது."

நாலு மாடி இறங்கிய மெஷின்

முதல் மாதம், கம்போங் மேடானில் ஒரு நாலாவது மாடி வீடு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வீட்டில் இருந்த பிளக்குகளில் ஒன்றில் ஐஸ்பெட்டி, ஒன்றில் ரைஸ் குக்கர், ஒன்றில் மூன்று போன்கள் தொங்கின. வயர் உள்ள மெஷினாக இருந்தால் ஏறி வந்ததற்குத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கியிருக்க வேண்டியதுதான். அந்த வீட்டுக்காரி செல்விக்குக் குஷி தாங்கவில்லை. நானோ பேட்டரி விளக்கைப் பார்த்தேன். முதல் நாள் சாயங்காலம் கடையில் சார்ஜில் போட்டவள் சுவிட்சைத் தட்ட மறந்திருந்தேன். பேட்டரியில் ஒரே ஒரு கோடு மிச்சம் இருந்தது.

மெஷினைப் போட்டதும் அறைக் கதவு திறந்தது. லோரி ஓட்டிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த செல்வியின் கணவர், கைலியோடு, சிவந்த கண்களோடு வந்து நின்றார். என் கையிலிருந்த மெஷினை வாங்கினார். கதவைத் திறந்தார். படியில் இறங்க ஆரம்பித்தார். கடை மெஷின், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இந்த மனுஷன் அதை மேலேயிருந்து வீசப் போகிறாரா கொண்டுபோய் விற்கப் போகிறாரா? செருப்பு இல்லாமல் நாலு மாடியும் பின்னாலேயே ஓடினேன். கீழே அவர் லோரியில் ஏறி, இருக்கைக்கு அடியில், பெடலுக்கு இடுக்கில் என்று உள்ளே முழுக்க இழுத்து முடித்தார். முடித்த நிமிஷம் பேட்டரியும் உயிரை விட்டது. மெஷினை என்னிடம் நீட்டிவிட்டு அவர் சொன்னது இது.

"வீடு அவ எடம்க்கா, அவ பாத்துக்குவா. நான் பாதி நாள் குடியிருக்கிறது இங்கதான். இங்க வராத மெஷின் எனக்கு எதுக்கு?"

அத்தையின் கட்டில்

இரண்டாவது மாதம், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு. மாமியார், மருமகள். தரை பளிங்கு மாதிரி இருந்தது. இப்படிப்பட்ட வீட்டில்தான் நம் தொழிலுக்கு ஆபத்து அதிகம். சோபாவில் மெஷினை வைத்தேன். டப்பாவில் சாம்பல் நிறத்தில் தூசி சுழன்றது. பெருமையோடு இன்னொரு தரம் இழுத்தேன். பாதி டப்பா நிறைந்தது. அப்புறம்தான் மருமகள் முகத்தைப் பார்த்தேன். தினமும் அந்த சோபாவைத் துடைக்கிறவள் அவள்தான். மாமியார் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "இதுமேலதான் இத்தனை நாளா உக்காந்திருந்தோமா?" என்றார். மருமகள் காது வரை சிவந்துவிட்டது. அவள் கண்ணில் எங்கள் கடை போன் நம்பரே தெரிந்தது எனக்கு.

என்ன செய்ய? வேறு வழி தெரியாமல், "ஆன்டி, உங்க கட்டில் மெத்தையையும் ஒரு தடவை பாத்துடலாமே" என்றேன். அந்த அறைக்குள் மருமகள் துடைக்கப் போவது கிடையாதாம். அது மாமியாருடைய ராஜ்ஜியம். மெத்தையில் ஒரே ஓட்டம்தான். டப்பா நிறைந்து மெஷின் முனகியது. மாமியார் டப்பாவை இந்தத் தடவை வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. காபி சாப்பிடுகிறாயா என்று என்னைக் கேட்டார். லிஃப்ட் வரை வழியனுப்ப வந்த மருமகள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"அக்கா, மெஷின் வாங்குறமோ இல்லியோ, மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து அத்தை கட்டில மட்டும் காட்டிட்டுப் போங்க."

கிளம்பின கையோடு

மூன்றாவது மாதம் வரை ஒரு போனும் வரவில்லை. கெடு முடிய இன்னும் பத்து நாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மிஸ்டர் டான் லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை கிள்ளானில் ஒரு தரை வீட்டுக்குப் போனேன். நான் கேட்டைத் திறக்கவும், வீட்டுக்கார அங்கிள் கையில் சின்னப் பையோடு வெளியே வரவும் சரியாக இருந்தது. மகன் காரை எடுத்துக்கொண்டிருந்தார். பாசாருக்கு, காய்கறி வாங்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "வாம்மா, நான்தான் கடைக்குப் போன் போட்டேன். ஆன்டி சாமி ரூம்ல இருக்கு. முட்டி வலிக்காரி, குனிய முடியாது. நல்லாக் காட்டு, நான் வரேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கார் தெருமுனை திரும்பும் முன்பே நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். வாசற்படி ஓரத்தில், அவர் செருப்பு மாட்டிய இடத்தில், கொஞ்சம் செம்மண் உதிர்ந்து கிடந்தது. காட்டுவதற்கு அருமையான மண். ஒரே இழுப்பில் டப்பாவுக்குள் போனது. அப்போது சாமி அறையிலிருந்து கற்பூரத் தட்டோடு சிவகாமி ஆன்டி வந்தார். "நிறுத்து! ஐயோ, நிறுத்தும்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மெஷினை அணைத்துவிட்டேன். "இப்பதானே அந்த மனுஷன் காலத் தூக்கி வெளிய வச்சாரு? ஹார்ட் ஆப்பரேஷனுக்குப் போறாரு. கிளம்பின கையோட வீட்டக் கூட்டுறியே, நீ தமிழ் வீட்டுப் பொண்ணுதானே?"

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட்டால் உடனே கூட்டக்கூடாது. கூட்டினால் போனவர் திரும்பி வரும் வழியையும் சேர்த்துத் தள்ளியதாக ஆகிவிடும். நாற்பத்தாறு வருஷத்தில் துடைப்பத்தை எடுத்து ஒரு நாளும் இந்தத் தப்பை நான் செய்ததில்லை. ஆனால் அன்று கையில் இருந்தது துடைப்பம் இல்லையே, கைக்கு உறைக்கவில்லை. வாய் வேறு சும்மா இருக்காமல், "ஆன்டி, இது கூட்டல... இழுக்குது" என்றது. "இழுத்தது எங்க போச்சு?" என்று ஆன்டி கேட்டார். "இங்கதான் ஆன்டி, டப்பாவுக்குள்ளயே இருக்கு. திறக்கிற வரைக்கும் ஒரு துளி வீட்ட விட்டு வெளிய போகாது." மனப்பாட வசனம், தானாக வந்துவிட்டது. ஆன்டி தட்டைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து மெஷினை மடியில் வாங்கிக்கொண்டு, டப்பாவுக்குள் இருந்த செம்மண்ணை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப திறக்காத. அவரு திரும்பி வர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்."

குங்குமம் வைத்த டப்பா

எங்கள் கடையில் காட்டுவதற்கென்று ஆளுக்கு ஒரு மெஷின்தான். சாயங்காலம் கடையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வாடிக்கையாளர் வைத்துப் பார்க்கிறேன் என்று கேட்டால் பத்து நாள் வரை விடலாம், அதுவரை நமக்குக் கடையில் வேலை. கிள்ளான் ஆன்டி வைத்துப் பார்க்கிறார் என்று மிஸ்டர் டானிடம் சொன்னேன். பொய் என்றும் சொல்ல முடியாது, ஆன்டி அதை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்கு உயிர் வந்தது. நாலாம் நாள் அங்கிளுக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி. திரும்பவும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இதைப் போனில் ஆன்டியே சொன்னார். தினமும் சாயங்காலம் போன் போட்டேன். முதல் இரண்டு நாள் நான் சாமியிடம் கேட்டது லெட்டரைத்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்புறம் "நல்லாக் காட்டு, நான் வரேன்" என்ற அந்தச் சிரிப்புதான் கண்ணுக்குள் வந்தது. கணவர் முதுகுத் தைலம் வாங்கக் கடைக்குக் கிளம்பினால்கூட, அவர் திரும்பி வரும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கெடு முடியும் வெள்ளிக்கிழமை காலையில் மிஸ்டர் டான், "அஞ்சு மணிக்குள்ள மெஷின் என் மேசைக்கு வரணும்" என்றார். கிள்ளானுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்திருந்த ஆன்டி கதவைத் திறந்தார். சாமி அறை வாசலில் மெஷின் சாய்ந்து நின்றது. டப்பாவின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு செம்பருத்தி. "ஆன்டி, மண்ண மட்டும் ஒரு பையில கட்டி இங்கயே வைப்போமா?" என்று கேட்டேன். "அவரு அங்க மூச்சுக் குழாயோட கிடக்கறப்ப அதத் திறக்கச் சொல்றியா?" என்று கேட்டவர், பதிலுக்குக்கூட நிற்காமல் எனக்கு மைலோ கலக்கச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

நானும் அந்த டப்பாவும் தனியாக இருந்தோம். சிவப்புப் பொத்தானை ஓர் அமுக்கு அமுக்கினால் போதும். மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு மெஷினோடு கிளம்பலாம். கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்தும் பார்த்தேன். அமுக்க மனம் வரவில்லை. அங்கிள் அங்கே எண்ணி எண்ணி மூச்சு விடும்போது நான் எப்படி அதைத் திறப்பேன்? ஆன்டி மைலோவோடு வந்து என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"மெஷின நீ கொண்டு போம்மா, உன் வேலையக் கெடுக்கல. டப்பாவ மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

ஓட்டையோடு வந்த மெஷின்

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மிஸ்டர் டானின் மேசையில் மெஷினை வைத்தேன். டப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. பக்கத்திலேயே என் லெட்டர், டைப் அடித்து, கையெழுத்துக்குக் காத்திருந்தது. "டப்பா எங்க?" என்றார். மறைக்கத் தெம்பு இல்லை. செம்மண்ணிலிருந்து செம்பருத்தி வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. மனுஷன் சிரிக்கப் போகிறார் அல்லது கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"சைனீஸ் நியூ இயர் மொத நாள் எங்கம்மா துடைப்பத்த ஒளிச்சு வச்சிடுவாங்க. கூட்டினா அந்த வருஷத்து நல்லது எல்லாம் வெளிய போயிடும்" என்றார் மிஸ்டர் டான். "எட்டு வயசுல நான் அத எடுத்து வாசல்ல பட்டாசுக் குப்பையக் கூட்டிட்டேன். அதே வருஷம் எங்கப்பா கடை தீப்பிடிச்சு எரிஞ்சுது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லல, கலா. நான்தான் இன்னும் மறக்கல." எழுந்து போய் ஒரு புதுப் பெட்டியைப் பிரித்து, அதிலிருந்த டப்பாவை எடுத்து என் மெஷினில் மாட்டினார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். லெட்டரை எடுத்தார். கையெழுத்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

"அங்கிள் வரலன்னா அந்தக் குடும்பம் எனக்குப் போன் போடும். அவங்களத் தப்பு சொல்ல முடியாது. ரூல் ரூல்தான் லா. அங்கிள் வீட்டுக்கு வரட்டும், அப்புறம் சைன் போடறேன்."

அந்த ஒரு போன்

அதற்கப்புறம் மிஸ்டர் டான் காலையில் என்னிடம் எத்தனை வீடு போனாய் என்று கேட்பதை விட்டுவிட்டார். "அங்கிள் எப்படி?" என்பார். குழாயை எடுத்துவிட்டார்கள் என்றால் தலையாட்டுவார். இன்னும் எடுக்கவில்லை என்றால் கணக்காளரிடம் எரிந்து விழுவார். இப்படியே இரண்டு வாரம் ஓடியது. பிறகு ஒரு புதன்கிழமை ஆன்டி போனை எடுக்கவில்லை. நாலு தரம் அடித்தேன். வியாழக்கிழமை காலையிலும் எடுக்கவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துபோன மாதிரி இருந்தது. எந்த வீட்டுக்கும் போகாமல் கடையிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு மணிக்குக் கடை போன் அடித்தது. மிஸ்டர் டான் எடுத்தார். "கிள்ளான்" என்று என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்துவிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "ஹலோ, வேக்குவம் கடையா? கலான்னு ஒரு பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துச்சு. அதப்பத்தி ஒரு குறை சொல்லணும்" என்றது ஆன்டியின் குரல். அழுது அழுது கட்டிப் போன குரல். மிஸ்டர் டான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன குறை ஆன்டி?" என்று மிஸ்டர் டான் கேட்டார். "அவரு வந்துட்டாரு பாஸ். வாசல்ல செருப்பு கழட்டுறாரு. இந்த டப்பாவ எப்படித் திறக்கிறதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிக் குடுக்காமலே போயிடுச்சு." நான் மிஸ்டர் டானைத் தள்ளிக்கொண்டு போய், "செவப்பு பட்டன் ஆன்டி! செவப்பு பட்டன அமுக்குங்க!" என்று கத்தினேன். டேப் கிழியும் சத்தம் கேட்டது. ஒரு கிளிக். பின்னால் அங்கிளின் மெலிந்த குரல், "என்னம்மா, நான் போனதிலேருந்து குப்பையே கொட்டலியா?" என்று கேட்டது. ஆன்டி சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அழுதேன். மிஸ்டர் டான் இழுப்பறையைத் திறந்து லெட்டரை எடுத்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"கஸ்டமர் குறை சொல்லிப் போன் போட்டாச்சு. நல்ல வேளை, எனக்குத் தமிழ் தெரியாது."

வயர் இல்லாத வேக்குவம் என்பதால் எந்த வீட்டுக்குப் போனாலும் பிளக் எங்கே என்று நான் கேட்பதில்லை. ஆனால் வீட்டிலிருந்து யாராவது இப்போதுதான் கிளம்பிப் போனார்களா என்று மட்டும் கேட்டிலேயே நின்று கேட்டுக்கொள்கிறேன்.